அந்தமானில் இலை போட்டாச்சு

போன ஞாயிற்றுக்கிழமை குங்குமச் சிமிழும் கையுமாக எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் பையனுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆனது. புதுமணத் தம்பதியை விருந்துக்கு அழைக்காமல் இருந்தால் எங்கள் திண்டுக்கல்லில் அது பகைமைக்குப் பிள்ளையார் சுழி. "வர்ற புதன்கிழமை மத்தியானம் நம்ம வீட்ல கை நனைக்கணும்" என்றேன். அந்தப் பெண் "கண்டிப்பா வாரோம் அத்தை" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஓரக்கண்ணால் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. "இல்லம்மா, புதன்கிழமை வேணாம். எப்பத் தோணுதோ அப்ப வாங்க. வராட்டியும் நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்று உளறிக் கொட்டினேன். பின்னால் நின்ற அவள் மாமியாரின் முகம் சுருங்கிப் போனது. கூப்பிட வந்தவள் கூப்பிடாமல் போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்த வீட்டில் இப்போது என்னோடு பேச்சு கொஞ்சம் மட்டுதான்.

திரும்பி வரும்போது கையில் சந்தன வாசனை. புதுமணத் தம்பதியை அழைக்கப் போனால் அவர்களும் நமக்குச் சந்தனம் கொடுப்பார்கள் இல்லையா? அந்த வாசனைக்கு ஊரில் எல்லோருக்கும் மங்களம் ஞாபகம் வரும். எனக்கு நெஞ்சு கரிக்கும். கறியும் சந்தனமும் மல்லிகைப்பூவும் ஒன்றாகக் கலந்த வாசனையில்தான் என் கல்யாண வாழ்க்கை ஆரம்பித்தது.

எங்கள் பக்கம் விருந்து என்றால் கறிவிருந்து. நத்தத்தில் பெரியம்மா வீட்டில் மதியம் என்றால், அவர் ஓரகத்தி வீட்டில் அன்றைக்கே ராத்திரி. கோழி வறுவல், ஆட்டுக்கறிக் குழம்பு, அதற்கு மேல் நாலைந்து வெஞ்சனம். போதும் என்று இலையை மறைத்தால் கைமேலேயே ஊற்றுவார்கள். இவர், அதாவது என் வீட்டுக்காரர், அப்போது கத்தாரில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்காக லீவில் வந்தவர். லீவு முடிந்து போனால் ரெண்டு வருஷம் கழித்துத்தான் திரும்ப முகத்தைப் பார்க்க முடியும். அந்தக் கொஞ்ச நாளையும் சொந்தக்காரர்கள் கரண்டி கரண்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

வத்தலக்குண்டில் ஒரு விருந்தை முடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பக்கத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லாமல் நாங்கள் நின்றது அதுதான் முதல் தடவை. கொடைக்கானல் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது. இவர் மலைப்பக்கம் பார்த்தபடி, "எல்லாரையும் விட்டுப்புட்டு ரெண்டு பேருமா எங்கயாச்சும் போயிருவமா?" என்றார்.

"கொடைக்கானலா?"

"அங்க போனா சாயங்காலமே உங்க மாமா வந்து நிப்பாரு. கடலு தாண்டிப் போகணும். அந்தமானு."

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு இவர்மேல் ஆசை வந்தது அந்த நிமிஷம்தான். தாலி கட்டும்போதுகூட பயம்தான் இருந்தது. ஆசை வந்தவுடனே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷனை எப்படி விமானம் ஏற்றி அனுப்புவது?

அதற்கு ஒரு வழியும் இருந்தது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அப்பாவுக்குத் தெரிந்த மேனேஜர் ஒருவர் இருந்தார். நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் எப்போதும் ஈரக்காற்று ஓடவேண்டும். அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். "மாப்ளைக்குச் சம்மதமான்னு நீயே கேளு. அவரு பிளைட் ஏறுறதுக்குள்ள சொல்லிரணும்" என்றார் அப்பா. என் மாமனாரிடம் நேரே பேச அப்பாவுக்குத் தயக்கம். மகனை வீட்டோட மாப்பிள்ளையாக்கப் பார்க்கிறார் என்று பேச்சு வந்துவிடுமே. ஆகவே நான்தான் கேட்கவேண்டும், தனியாக. ஆனால் புகுந்த வீட்டில் நாத்தனார்களும் அவர்கள் பிள்ளைகளும் நிறைந்து கிடந்தார்கள். எங்கள் அறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் என் தலைவிதியைப் பாருங்கள். சரி, கடலுக்கு முன்னால் உட்கார்ந்து "போகாதீங்க" என்று சொல்லிவிடலாம் என்று அந்த ஒரு வார்த்தையை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

தனித்தீவு ஒன்றில் கடலைப் பார்த்த மாதிரி ரூம், போர்ட் பிளேரிலிருந்து அதற்குக் கப்பல் டிக்கெட் எல்லாம் இவர் ஏற்பாடு செய்திருந்தார். புடவைகளுக்கு அடியில் மாமியாருக்குத் தெரியாமல் ஒரு சுடிதாரை ஒளித்து வைத்தேன். கிளம்புகிற அன்று மாமனார் ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னார்: "போர்ட் பிளேர்ல நம்ம பங்காளி மாணிக்கம் இருக்கான். போன் போட்டுச் சொல்லிட்டேன். பயமில்லாமப் போய்ட்டு வாங்க."

பயம் அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

மாணிக்கம் சித்தப்பா வாலிபத்திலேயே கட்டட வேலைக்கென்று அந்தமான் போய் அங்கேயே தங்கிவிட்டவர். விமான நிலைய வாசலில் மாலையோடு நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு வேன் நிறைய ஜனம். "வாத்தா, வா வா! ஏலே அப்பு, எளச்சுப் போயிட்டியேடா!" என்று இவரைக் கட்டிக்கொண்டார். ரூமைப் பற்றி இவர் மெதுவாகச் சொன்னார். "அதை வேணாம்னு ரூம்காரன்ட்ட அப்பவே சொல்லிட்டேன். நம்ம வீடு இருக்கையில ரூமா? உங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார் சித்தப்பா. இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெட்டிகள் வேனில் ஏறிவிட்டன.

அந்தத் தீவில் அம்புட்டுத் தமிழர்கள் இருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சித்தப்பா வீட்டு விருந்து முடிந்ததும் நத்தத்துக்காரர் ஒருவர் வீடு, பிறகு மதுரைக்காரர் வீடு. ஊர்ப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று செய்தி பரவிவிட்டது. ஒட்டன்சத்திரத்து அம்மா ஒருவர் கண்கலங்கி நின்றார். "ஏனுங்க, நம்மூட்டுக்கு வராமயே போயிருவீங்களா?" அவர் ஊரைப் பார்த்துப் பல வருஷமாகிறது. எப்படி மாட்டேன் என்பது? யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் கொடுமை. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டுவிட்டாவது கிளம்பியிருக்கலாம். எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, சந்தனம் தடவி, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்து, ஆசையாசையாகப் பரிமாறினார்கள். இவர் சம்மணமிட்டபடி முழங்காலால் என் முழங்காலை இடிப்பார். காப்பாற்று என்று அர்த்தம். நானும் திருப்பி இடிப்பேன். தேனிலவில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். படுக்கை ஆண்களுக்கு மொட்டைமாடியில், பெண்களுக்குக் கூடத்தில்.

சித்தி வீட்டு அடுப்படி ஜன்னலில் நின்றால் கூரைகளுக்கு அப்பால் கடல் தெரியும். அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தேன். உரித்ததால் வந்த கண்ணீர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நாள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

கடைசி நாள் இவரே வழி கண்டுபிடித்தார். "இவளுக்குத் தலவலி. மாத்திரை வாங்கிட்டு செத்த நேரத்துல வாரோம்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். ஆட்டோ. கடற்கரை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தென்னை மரங்கள் தண்ணீர்வரைக்கும் வந்து நின்றன. ஆள் நடமாட்டம் இல்லை. இவர் மணலில் பொத்தென்று உட்கார்ந்து "அப்பாடா" என்றார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்குமுன் நான் யாரிடமும் பார்த்ததில்லை.

"ஏங்க, உங்கட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளேன்."

எங்கிருந்து ஆரம்பிப்பது, மில்லிலிருந்தா, அப்பாவிலிருந்தா? நேரே அந்த வார்த்தையையே சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன். பின்னால் ஸ்கூட்டர் ஹாரன். மாணிக்கம் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் ஓடி வந்தார்.

"ஏலே, இங்கயா இருக்கீக? மருந்துக்கடையெல்லாம் தேடிட்டு வாரேன்! அங்க இலை போட்டாச்சுடா! இம்புட்டுப் பேரும் உங்களுக்காகக் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்காக!"

மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனோம். சித்தப்பாவுக்கும் எனக்கும் நடுவில் இவர். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நான் அழுதேன்.

விமானத்திலாவது கேட்கலாம் என்றால், சென்னைக்குப் படிக்கக் கிளம்பிய சித்தப்பாவின் மகளையும் எங்களோடு அனுப்பிவைத்தார்கள். "எனக்கு பிளைட்னா பயம் அண்ணி" என்று எங்கள் நடுவில் உட்கார்ந்து என் கையையும் இவர் கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாவம், நல்ல பிள்ளை.

ஊருக்கு வந்தால் வழியனுப்பு விருந்துகள். ஊறுகாய் பாட்டில், பருப்புப்பொடி, பெட்டி கட்டுதல். திருச்சி விமான நிலையத்துக்கு ஒரு வேன் பிடித்தார்கள். குடும்பமே ஏறியது, எனக்குக் கடைசி சீட்டில் இடம். உள்ளே போகும் நேரத்தில் இவர் திரும்பி, தங்கச்சிகள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, அன்னைக்கி என்னமோ கேக்கணும்னியே?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமனார், மாமியார், நாத்தனார்கள், வேன் டிரைவர்வரைக்கும்.

"ஒண்ணுமில்லங்க. போனதும் போன் பண்ணுங்க."

போனதும் போன் வந்தது. மாமியார் அதை ஸ்பீக்கரில் போட்டார். மில்லில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லார் வீட்டையும் போலத்தான். லீவு, குழந்தை, லீவு, இன்னொரு குழந்தை, வீடு கட்டுதல், மாமனாருக்கு வைத்தியம். போன வருஷம்தான் இவர் அங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். இப்போது எங்களிடம் நேரம் கொட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் எந்த அறைக்கும் தாழ்ப்பாள் போட அவசியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டிலிருந்து வந்ததும் டிவி முன்னால் இருந்தவரிடம் கேட்டேன், "அந்தமான் போனமே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? அந்த நண்டு ரசம்! யாரு வீட்ல அது? இன்னும் நாக்குலயே நிக்கிது."

எனக்கு என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா சொன்னது, மில், கடற்கரையில் நான் கேட்க வந்தது. இவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்த மில்லா? அது மூடி எம்புட்டு வருசமாச்சு. நல்லவேளை, நான் போகல" என்றார். திரும்பவும் சத்தத்தைக் கூட்டினார்.

உண்மைதான், மில் இல்லை. அப்பா இல்லை, மாணிக்கம் சித்தப்பா இல்லை, அந்தமான் வீட்டை விற்றுவிட்டார்கள் என்று கேள்வி. ஆனால் நான் கேட்க வந்தது மில்லைப் பற்றியா? விமான நிலையத்தில் அத்தனை தலைகளுக்கு மேலாகத் திரும்பி என்னைக் கேட்ட அந்தப் பையனுக்குத்தான் நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. ரெண்டு வருஷம் கழித்து லீவில் வந்து இறங்கியவர் வேறு ஆள். நல்ல மனுஷர், குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் வைத்ததை வைத்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். அன்றைக்கு உள்ளே போனவர் இன்னும் வரவில்லை.