சம்பந்தி மூடாமல் விட்ட விண்கலம்

சனிக்கிழமை காலை உரக்கடையைத் திறந்துகொண்டிருந்தேன். மகள் மீனாவின் எண்ணிலிருந்து அழைப்பு. நிறைமாதத்தை நெருங்குகிறவள், பிள்ளை தங்குமா என்று மருத்துவரே தயங்கிய உடம்பு. எடுக்கக் கை வரவில்லை. எடுத்தால் அழுகை.

"அப்பா, மாமா போயிட்டாக."

அவளுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நொடி நெஞ்சு ஆறியது. அப்படி ஆறியதை நினைத்து மறுநொடியே வெட்கப்பட்டேன். போனவர் என் சம்பந்தி சுப்பையா.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் காரைக்குடியில் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். சிங்கப்பூரிலிருந்து மகன், அதாவது என் மாப்பிள்ளை, அனுப்பும் பிளாஸ்டிக் பொம்மை விண்கலங்களைத் துண்டு துண்டாகப் பூட்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. எந்த நாடும் விட்டவை அல்ல, கதைகளில் மட்டும் பறப்பவை. துண்டுகளைச் சட்டத்திலிருந்து திருகி எடுத்து, முளையைத் துளையில் வைத்து அமுக்கினால் 'டக்'. பசையே வேண்டாம். பூட்டி முடித்ததும், புது வண்டிக்கு வைப்பதுபோல, மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார்.

மீனாவுக்குக் கல்யாணமான புதிதில் பலகாரத் தூக்குகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். நான் பத்தாவதைத் தாண்டாதவன். மாப்பிள்ளை வீடென்றாலே வியர்க்கும். நாற்காலியைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். அடியில் ஏதோ நொறுங்கியது. சந்தனம் வைத்த விண்கலம். இனி ஆயுசுக்கும் என் மகளல்லவா பேச்சுக் கேட்கவேண்டும் என்று பதறி எழுந்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். "ஒடையல சம்பந்தி, கழண்டுதான் போச்சு. அங்குட்டு ஒரு றெக்கை கிடக்கு, எடுங்க." பிறகு மெதுவாக, "எந்தக் கிரகத்துக்காரனாலயும் முடியாததை ஒரே உக்காருல முடிச்சுட்டீகளே."

ஐந்தாம் மாதம் மீனாவுக்கு இரத்தம் போனது. மருத்துவமனை வராந்தாவில் நான் செத்த பிணமாக உட்கார்ந்திருந்தபோது, ஒரு விண்கலப் பெட்டியோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

"எட்டு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு. நீங்க தேறுவீகளான்னு தெரியல. முயற்சி பண்ணுங்க."

இடது இறக்கையை வலதில் வைத்து அமுக்கினேன்.

"இப்படிப் பூட்டுனா வட்டமடிச்சு ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்துரும்."

"உங்களுக்குப் பயமே இல்லையா?" என்றேன்.

கைகள் இரண்டையும் நீட்டிக் காட்டினார். என் கையைவிட மோசமாக நடுங்கின. "சும்மா வச்சிருந்தா நடுக்கம் தெரியுது சம்பந்தி. அதான் அமுக்கிக்கிட்டே இருக்கேன்."

பிள்ளை தங்கியது. ஆனால் மீனா எங்கும் பயணம் செய்யக்கூடாது என்றார் மருத்துவர். பிரசவத்துக்கு நேமத்தான்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு, அழைத்துவர முடியவில்லை, காரைக்குடியிலேயே இருந்தாள். வரப்போகும் பிள்ளைக்காகச் சம்பந்தி ஒரு விண்கலம் பூட்டினார். ஓட்டுபவர் அறையின் மூடியை மட்டும் மாட்டவில்லை. "கடைசி டக்கு பிள்ளை கையால. யாரும் தொடாதீக."

சாவன்று, வயிற்றுப்பிள்ளைக்காரி பிணம் பார்க்கக்கூடாது என்று உறவினர்கள் மீனாவை உள்ளறையில் உட்காரவைத்தார்கள். அதற்கு முதலில் தலையாட்டியவன் நான்தான். அவள் வாசற்படிவரை வந்து நின்றாள்.

"கூட்டிட்டுப் போங்கப்பா. மாமாவுக்கும் பயப்படணுமா?"

"அறிவிருக்காய்யா? வயித்துல உள்ளதுக்கு எதுவும் ஆனா நீங்களா பொறுப்பு?" என்றார் ஓர் அம்மாள்.

மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சம்பந்தியம்மா நகர்ந்து இடம் விட்டார். மீனா மாமாவின் காலைத் தொட்டாள். எங்கள் இருவரில் யார் கை நடுங்கியது என்று தெரியவில்லை.

இன்னும் பிரசவம் ஆகவில்லை. கைபேசி ஒலித்தால் யார் பெயர் என்று பார்த்த பிறகே எடுக்கிறேன். செய்தது சரியா என்று என்னை நானே கேட்காத பொழுதில்லை. அவருடைய மேசையில் அந்த விண்கலம் திறந்தபடி நிற்கிறது, மூக்கில் சந்தனமில்லாமல். மூடி பக்கத்தில், ஒரு கிண்ணத்தில். பிள்ளை வந்து அமுக்கும்வரை நான் காவல். தள்ளி நின்றுதான், உட்கார மாட்டேன்.

போய் வாருங்கள் சம்பந்தி. அங்கேயும் கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள்.