படிக்காம எழுதுன முன்னுரை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாரு எதக் கேட்டாலும் "ஆகட்டும்"னு சொல்லிப்புடுவேன். போன ஐப்பசியில அப்படிச் சொல்லிச் சொல்லியே தலைமேல மூணு வேலை ஏறி உக்காந்திருந்துச்சு. வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை, செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள்ள அத்தியாயம் போயாகணும். சென்னைப் பதிப்பாளருக்கு ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு ஒரு நாவல். பாதிகூட முடியல, அவரு அட்டைப்படத்தப் போட்டு ஊருக்கே சொல்லிட்டாரு. மூணாவது, பீரோக் கதவுல நான் ஒட்டி வச்சிருக்கிற தாள். இனிமே எழுதப்போற நாவல்கள்னு ஏழு தலைப்பு அதுல இருக்கு. ஒண்ணுலயும் ஒரு வரி எழுதல, தலைப்ப மட்டும் மாசத்துக்கொருக்க மாத்துவேன். "தலைப்ப மாத்துற நேரத்துக்கு ஒரு பக்கம் எழுதலாம்ல"ன்னு வீட்டுக்காரி கேப்பா. அவ கேக்குறது நியாயந்தான். அதனாலதான் எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும்.

அந்த நேரம் பாத்துத்தான் அனுமந்தன்பட்டியில இருந்து அந்தம்மா எங்க உத்தமபாளையம் வீட்டுக்கு வந்தாக. அம்பது வயசு இருக்கும். விடியக்காலம் ஜீப்புல கம்பம்மெட்டு ஏறிப் போயி, ஏலக்காய்த் தோட்டத்துல காய் எடுத்துட்டு சாயங்காலம் இறங்குறவுக. இருபது வருசத்துக்கு மேல இதே பொழப்பு. கையில ஒரு ஜவுளிக்கடைப் பை, அதுக்குள்ள நாலு நோட்டு.

"நாவல் சார். நாந்தான் எழுதுனேன்"னு சொன்னாக. சொல்லும்போதும் பையக் கீழ வைக்கல.

கம்பத்துல அச்சகம் வச்சிருக்கிற ஒருத்தரு தைக்குள்ள புத்தகமாப் போட்டுத் தாரேன்னு ஒத்துக்கிட்டாராம். அதுக்கு நான் ஒரு முன்னுரை எழுதணுமாம். "படிச்சுப் பாருங்க சார். நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னே எழுதுங்க. திட்டுனாலும் கேட்டுக்கிருவேன்"னாக.

"ஆகட்டும்மா. பதினஞ்சே நாளு"ன்னேன்.

ரெண்டு மாசம் போச்சு. மலையில சிக்னல் இருக்காது, இறங்கி வீடு சேர இருட்டிரும், அதனால அந்தம்மா ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் போன் பண்ணுவாக. "தொந்தரவு பண்றேனா சார்?"னு ஆரம்பிப்பாக. நான் கூசாம, "மூணாவது நோட்டுல இருக்கேன்மா, நிதானமாப் படிக்க வேண்டிய எழுத்து"ன்னு அளந்து விடுவேன். பைய நான் அவுக்கவே இல்ல. அது பாட்டுக்கு பீரோ ஓரமாக் கெடந்துச்சு, ஏழு தலைப்புக்கும் கீழ.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில அச்சகக்காரர் கூப்பிட்டாரு. "நோட்டோட நகல வச்சு அச்சுக் கோத்தாச்சு, உங்க முன்னுரை ஒண்ணுதான் சார் பாக்கி. இன்னைக்கு வந்தா நாளைக்கு மிஷின்ல ஏத்திருவேன்." எனக்கோ தொடர்கதை மத்தியானத்துக்குள்ள போகணும். எரிச்சலோடதான் நோட்ட எடுத்தேன். மொத நோட்டுல பன்னெண்டு பக்கம் படிச்சேன். அக்காளும் தங்கச்சியும் ஜீப்புல மலையேறுறாக. தங்கச்சிக்குக் குமட்டுது, ஒவ்வொரு வளைவுலயும் அக்கா அவ கையப் பிடிச்சுக்கிறா. நல்லாத்தான் இருந்துச்சு. நல்ல எழுத்துன்னு தெரிஞ்சப்புறமும், பெறகு சாவகாசமாப் படிச்சுக்கிருவோம்னு மூடுனேன் பாருங்க, அத நெனச்சாத்தான் இன்னைக்கும் ஒடம்பு கூசுது.

மூணாவது நோட்ட நடுவுல பிரிச்சேன். வீட்டு ஆளுக எல்லாரும் கிணத்தடியில நின்னு தலையில தண்ணி ஊத்திக்கிறாக, ஈரத்தலையோட அம்மா மூத்தமக பேரச் சொல்லிக் கதறுறா. நாலாவது நோட்டுல கடைசிப் பக்கத்துக்குப் போனேன். தங்கச்சி ஜீப்புல தனியாப் போறா, அக்கா உக்கார்ற எடத்துல பைய வச்சிருக்கா. சரிதான், அக்கா செத்துப் போயிட்டான்னு முடிவு கட்டிட்டேன். நாப்பது நிமிசத்துல முன்னுரை ரெடி. "அக்காவின் மரணத்தை மிகையாக ஒரு துளிக் கண்ணீர்கூடச் சிந்தாமல் எழுதியிருக்கிறார். அண்மையில் நான் வாசித்தவற்றில் என்னை உலுக்கிய சாவு இது." வாசித்தவற்றிலாம்! நோட்டையும் கொடுத்தனுப்பிட்டு, நிம்மதியாத் தொடர்கதைக்கு உக்காந்துட்டேன்.

தை முடிஞ்சும் புத்தகம் வரல. அச்சகக்காரரக் கம்பத்துல பாத்தப்ப, "என்னைய அந்த வெரட்டு வெரட்டிட்டு நீங்க தூங்குறீகளாக்கும்?"னு நக்கலடிச்சேன். "நான் எங்க சார் தூங்குனேன்? உங்க முன்னுரையப் படிச்சுட்டு அந்தம்மாதான் நிறுத்தி வைக்கச் சொன்னாக. என்னமோ திருத்தணுமாம்"னாரு. எனக்கு அப்பவும் ஒறைக்கல.

மாசியில ஒரு ஞாயித்துக்கிழமை நூலகத்துல வெளியீடு. முப்பது பேரு இருப்பாக, பாதிக்கு மேல அந்தம்மாவோட ஜீப்புல போற பொம்பளைக. மைக்கப் பிடிச்சு அந்தச் சாவப் பத்தியே இருபது நிமிசம் பேசினேன். ரெண்டு மூணு பேரு முந்தானையால கண்ணத் தொடச்சாக. புத்தகத்த நான் அப்பவும் படிக்கல.

முடிஞ்சு கேசரி குடுக்கும்போது ஒரு ஜீப்புக்கார அம்மா பக்கத்துல வந்தாக. "நல்லாப் பேசுனீக சார். ஆனா இவ ஜீப்புல எங்களுக்குப் படிச்சுக் காமிச்சப்ப அக்கா சாகலையே? அந்தக்கா குமுளியில டீக்கடை வச்சு நல்லாத்தான இருக்கு!"

எழுதுன அம்மாவப் பாத்தேன். அவுக தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னாக.

"நெசந்தான் சார். அக்கா அவுகளாப் பாத்து ஒருத்தரக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. எங்க வீட்ல செத்ததாக் கணக்குன்னு சொல்லித் தலைமுழுகிட்டாக. நான் மட்டும் முழுகல. காச்சல்னு பொய் சொல்லிப் படுத்துக்கிட்டேன். அது அக்காவுக்குத் தெரியாது. இத்தன வருசமா நானும் முழுகிட்டதாத்தான் நெனச்சுக்கிட்டிருக்கு. அது தெரியணும்னுதான் சார் எழுதுனதே."

"அப்பறம் ஏம்மா மாத்துனீக?"

"நீங்க முன்னுரையில சாவுன்னு எழுதியிருந்தீகளே சார். ரெண்டு நாளு யோசிச்சேன். இத்தன புத்தகம் எழுதுனவுக, ரெண்டு மாசம் வச்சு நிதானமாப் படிச்சவுக, காரணமில்லாமலா சொல்லுவாக? கதைக்கு அதுதான் சரின்னு எனக்குச் சொல்லித் தாராகன்னு நெனச்சேன். மூணாவது நோட்டுல இருந்து கடைசி வரைக்கும் திருப்பி எழுதிக் குடுத்துட்டேன்."

"அக்கா படிச்சாகளா?"

"மொதப் பிரதியக் குமுளிக்குத்தான் குடுத்தனுப்புனேன். ஒண்ணுஞ் சொல்லல."

அப்பயே, அந்த எடத்துலயே உண்மையச் சொல்லியிருக்கணும். முப்பது பேருக்கு முன்னாடி நாக்கு எழும்பல. பழைய பக்கங்களத் தாங்கன்னு மட்டும் கேட்டேன். "தப்பா எழுதுனது எதுக்கு சார்?"னு கேட்டுக்கிட்டே மறுநாள் குடுத்துவிட்டாக.

படிச்சேன். ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். தங்கச்சி போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு, கிணத்தடியில தண்ணி விழுற சத்தத்த வச்சே யாரு யாரு முழுகுறாகன்னு கண்டுபிடிக்கிறா. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி. சத்தம் நின்னதும் தன் காஞ்ச தலையத் தொட்டுப் பாத்துக்கிறா. அந்தப் பக்கம் இப்ப புத்தகத்துல இல்ல. என் ஏழு தலைப்புல ஒண்ணுலயும் நான் எழுதிரக்கூடிய பக்கமும் இல்ல. பீரோக் கதவுல இருந்த அந்தத் தலைப்புத் தாளப் பிச்சுக் கசக்கிப் போட்டேன். எதுக்காக ரெண்டு மாசம் பைய அவுக்காமக் கெடந்தேனோ, அந்தச் சென்னைப் பதிப்பாளரோட நாவலும் கண்காட்சிக்குப் போயிச் சேரல.

அடுத்த ஞாயித்துக்கிழமை அனுமந்தன்பட்டிக்குப் போனேன். அந்தம்மா வாசல்ல துணி காயப் போட்டுக்கிட்டிருந்தாக. என்னையப் பாத்ததும் பதறிப்போயி நாற்காலி எடுக்க ஓடுனாக. நான் உக்காரல.

"நான் உங்க நோட்டப் படிக்கலம்மா. பன்னெண்டு பக்கம், அப்பறம் நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. அவ்வளவுதான். முழுகுறதப் பாத்துட்டு சாவுன்னு நானா எழுதிட்டேன்."

திட்டுவாகன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். கையில இருந்த ஈரத்துணிய வாளியிலயே திரும்பப் போட்டாக.

"அப்ப எங்கக்கா சாக வேண்டியதே இல்லையா சார்?"னு கேட்டாக.