அம்மா முடுக்கிய போல்ட்

அப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஒரு "வாங்க". மாமாவின் கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று அப்பாவை யாரும் அப்படி அழைக்கவில்லை. மணையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை எழுந்து வாசலுக்கு ஓடி வர முடியுமா என்று அம்மா கேட்டாள். அக்கா புருஷன் மேல் மரியாதை இருந்தால் முடியும் என்றார் அப்பா. அதோடு சரி. மாமா மல்லாபூரில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கும் கடை வைத்திருந்ததால், எங்கள் வீட்டில் மல்லாபூர் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே தம்பிதான். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவிடம் சொந்தமாக ஒரு மினி லாரி இருந்தது. விடியும் முன்பே போவன்பள்ளி மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிப் போய் மாதாப்பூரில் ஒரு கேன்டீனில் இறக்குவார். ஒவ்வொரு தசராவுக்கும் வண்டிக்கு அவரே பெயின்ட் அடிப்பார். அடுத்தவன் அடித்தால் அவருக்குத் திருப்தி வராது. அந்த வருஷம் உற்சாகம் கொஞ்சம் கூடிவிட்டது. முன்பக்க பம்பரைக் கழற்றி, கண்ணுக்கே தெரியாத மூலைகளில்கூடப் பச்சை பூசி, அங்கங்கே கழற்றிய போல்ட்டுகளைத் திரும்ப மாட்டினார். பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, குடும்பத்தோடு விழுந்து கும்பிட்டோம்.

மறுநாளே வண்டி கொதித்தது. ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்றில் சமாளித்துவிடும். சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் விறுவிறுவென்று மேலே ஏறும். ரேடியேட்டரைக் குளிர்விக்கிற கரண்டு ஃபேன் சுற்றவில்லை. போவன்பள்ளியிலிருந்து மாதாப்பூர்வரை சிக்னலில் நிற்காமல் போக இந்த ஊரில் யாரால் முடியும்? ஒரு மெக்கானிக் ஃபியூஸை மாற்றினார். இன்னொருவர் ரிலேயை மாற்றினார். வேறொருவர் ஃபேனை வெளியே எடுத்து நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தார், ஜோராகச் சுற்றியது. திரும்ப வண்டியில் மாட்டினால் அசையவில்லை. அப்பா தண்ணீர் கேன்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். தக்காளி போய்ச் சேரும்போது சமையலே முடிந்திருக்கும். இனியும் தாமதமானால் வேறு வண்டி வைத்துக்கொள்கிறோம் என்று கேன்டீனில் சொல்லிவிட்டார்கள்.

அன்றே அம்மா தம்பிக்குப் போன் செய்தாள். மத்தியானத்தில் அப்பா அடித்துப் போட்டாற்போலத் தூங்குவார். அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். ஒரு பல்பில் இரண்டு ஒயர்கள் கட்டி வைத்திருந்தார். ஒன்றை பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மற்றதை வண்டியின் வெற்று இரும்பில் தொட்டார், எரிந்தது. ஃபேனிலிருந்து வண்டியின் இரும்புக்குப் போகும் எர்த் ஒயரில் தொட்டார், எரியவில்லை.

"அக்கா, எர்த்தே போகல. பெயின்ட் மேலயே போல்ட்டு உக்காந்திருக்கு. கரண்டு எங்க போவும்?"

அந்த போல்ட் பம்பருக்குப் பின்னால் ஒரு இடுக்கில் இருந்தது. மாமாவின் கை நுழையவில்லை. அம்மா வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு கையை உள்ளே விட்டாள். அவர் சொல்லச் சொல்லக் கழற்றினாள், உப்புத்தாளால் இரும்பு தெரியும்வரை சுரண்டினாள், ஒயரை வைத்து ஸ்பேனரால் முடுக்கினாள். மாமா எஞ்சினை ஓடவிட்டார். முள் ஏற ஏற நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். திடீரென்று ஃபேன் சுற்றத் தொடங்கியது. அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எஞ்சின் சத்தத்தில் அப்பா எழுந்து வந்துவிட்டார்.

"வேற ஒண்ணுமில்ல அத்தான், பெயின்ட்டுதான்..." என்று மாமா ஆரம்பித்தார். உலகத்தில் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை இருந்தால் அன்றைக்கு அது அதுதான்.

"யாரைக் கேட்டு என் வண்டியில கை வெச்சே?"

"நான்தான் கூப்பிட்டேன். நான்தான் கையும் வெச்சேன்" என்றாள் அம்மா.

அப்பா எஞ்சினை நிறுத்தினார். பம்பருக்குக் கீழே படுத்து, கைக்கு எட்டிய அந்த ஒயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அது போல்ட்டிலிருந்து பிய்ந்து வந்து தொங்கியது. "நீ வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. கெளம்பு" என்றார். மாமா டீகூடக் குடிக்காமல் போனார். திரும்ப எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

அதன்பிறகும் அப்பா தண்ணீர் கேன்களோடுதான் போனார். பம்பரைக் கழற்றி ஒயரை மாட்ட அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மாட்டினால் ஃபேன் சுற்றும், சுற்றினால் மச்சான் சொன்னது சரி என்றாகிவிடும். எனக்கோ ஒரே தவிப்பு. ஒரு மத்தியானம் அப்பா தூங்கும்போது அம்மாவிடம் போய், நீயே மாட்டிவிடேன் என்று கெஞ்சினேன்.

"நக்கோ, வேணாம். கழட்டினவரே மாட்டட்டும்" என்றாள். துணி மடிப்பதை நிறுத்தவில்லை. புருஷன் செய்ததை மாற்றக் கூடாது என்ற மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தெருவிலும் அவளுக்கு அடக்கமானவள் என்றுதான் பெயர்.

கொஞ்ச நாளில் ஒரு மேம்பாலத்தின் மேல் நெரிசலில் நின்று எஞ்சின் வெந்தே போனது. கேன்டீன்காரர்கள் வேறு வண்டி வைத்துக்கொண்டார்கள். அப்பா அதற்குப் பிறகு கடைசிவரை இன்னொருவரின் லாரியைத்தான் ஓட்டினார்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்த அன்று தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அம்மா மட்டும் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிழைப்பு போயிற்றே என்று உடைந்துபோய் நிற்கிறாள் என்று எண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அழாதம்மா" என்றேன்.

அவள் அழவில்லை.