பாவாயி அக்காவின் நாய்க்காக நான் எழுதிய மனு

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தின் மேல் கண்டித் தபால் முத்திரை இருந்தது. எழுத்து வழக்கம்போல் தேயிலைத் தோட்டத்துப் பள்ளி வாத்தியாருடையது. ஆனால் 'சாமிக்குப் பாவாயி சொல்லி எழுதிக்கொண்டது' என்று என்னை அழைக்கும் தொடக்கத்தைக் காணோம். மலைக்காய்ச்சலில் பதினோரு நாள் கிடந்து பாவாயி அக்கா இறந்துபோனார். அடக்கமும் ஆகிவிட்டது. நான்கே வரி.

ராசிபுரத்துப் பக்கம் நிலக்கடலைக் காடுகளில் அக்காவோடு சேர்ந்து செடி பிடுங்கியவர்கள் உங்களில் பலர். அவரைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய மனுவைத் தெரியும். நம் சங்கக் கூட்டங்களில் அதன் நகலை நான்தான் படித்துக் காட்டினேன். நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

புருஷன் செத்த பிறகு அக்கா பண்ணையார் காட்டோரக் குடிசையில் தனியாக இருந்தார். அதற்குக் கதவு கிடையாது, ஒரு தட்டிதான். காய்ச்சலாகப் படுத்திருந்த ஒரு மத்தியானம் பண்ணையின் மேற்பார்வைக்காரன் தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான். அக்காவின் நாய் செவலை அவன் கெண்டைக்காலைக் கவ்விச் சதையைப் பிய்த்துவிட்டது. ஊர் கூடியது. உள்ளே எதற்குப் போனாய் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. நாயை அடித்துக் கொல்ல வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நம் ஊர்ப் பெரிய மனிதர்களின் நியாயம் இந்த லட்சணத்தில் இருக்கிறது. செவலையை என் வீட்டுத் தறிக்கூடத்தில் ஒளித்து வைத்துவிட்டு, அந்த வாரமே அக்கா கண்டிக்குப் போகப் பேர் கொடுத்தார். அக்கா வயிற்றுப் பிழைப்புக்குப் போனதாகப் பேசிக்கொள்கிறீர்கள். அந்த நாய் உயிரோடு இருக்க வேண்டும் என்று போனார்.

நாயும் கூட வரும் என்று அக்கா சொன்னதும், ஆள் சேர்க்க வந்திருந்த கங்காணி சிரித்தார். "ஏம்மா, தேயிலை கிள்ளக் கையில்லாத நாய்க்கு அங்க என்ன வேலை?"

"கை இருக்கறவங்கெல்லாம் கிள்ளறாங்களாக்கும்? நீங்க கிள்ளி நான் பாத்ததில்லீங்களே" என்றார் அக்கா. கூட இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சேலத்தில், போகிறவர்களைக் கூட்டி வைத்திருந்த டிப்போவில், அதிகாரி ஒரு மனு கேட்டார். நாய் சாது, நோய் நொடி இல்லை என்று எழுதி வந்தால் பார்க்கலாம் என்றார். தாலூகா கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைப்பவன் நான். அதனால் அக்கா துணைக்கு என்னைக் கூட்டிப்போயிருந்தார்.

"ஏனுஞ்சாமி, எனக்கே பேரு பதிஞ்சது இப்பத்தான், நாய்க்கும் காயிதமா?" என்று என்னிடம் சிரித்துவிட்டு, என்ன எழுத வேண்டும் என்று அக்கா சொன்னார். "நாங்க திங்கறதத்தான் திங்கும், எங்க காலடியிலயே படுத்துக்கும்னு எழுது. ஒருத்தனத்தான் கடிச்சுது, அவனும் கடிபட வேண்டியவன். அத உட்டுரு."

நான் எழுதியது வேறு. துரைகளின் வேட்டை நாய்கள் கப்பலில் மெத்தையில் படுத்துப் போகும்போது, அந்தத் துரைகளுக்காக உழைத்துச் சாகப்போகிறவளின் நாய்க்கு மட்டும் ஏன் தடை என்று கேட்டேன். ஏழைப் பெண்ணுக்குக் காவல் கொடுக்காத சர்க்கார், காவல் காத்த நாயையும் பறிப்பதா என்று கேட்டேன். ஒவ்வொரு வரியும் உண்மை. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். ஆனால் அக்கா அதை எழுதச் சொல்லவில்லை.

"எழுதுனதப் படிச்சுக் காட்டு சாமி" என்றார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க்கா. கைநாட்டு வையுங்க" என்றேன். வைத்தார்.

மனுவைக் கொடுக்க நான் மட்டும் உள்ளே போனேன். இதுவரை நீங்கள் கேட்ட கதையில், வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கும் அந்த அதிகாரி மனுவைக் கிழித்து என் முகத்தில் எறிந்தார். அது பொய். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, "தம்பி, இதை நான் வாங்கி வைத்தால் என் வேலை போய்விடும். நாய் சாது என்று இரண்டு வரி வேறு தாளில் எழுது. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

"கெஞ்சி எழுதி எனக்குப் பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா வேப்ப மரத்தடியில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சொன்னாருங்க சாமி?"

"முடியாதாம்."

திரும்பிப் போனால் செவலைக்குச் சாவு, பேர் பதிந்துவிட்ட அக்காவுக்கோ போகாமல் நிற்க வழியில்லை. கயிற்றை என் கையில் கொடுத்தார். "உன்னூட்லயே வெச்சுக்க. எங்கூருப் பக்கம் மட்டும் உட்றாத." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, "நீ மனசுல வெக்காத சாமி. நீ நல்லாத்தான் எழுதியிருப்ப. அந்தாளுக்கு எரக்கமில்ல" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

ஒன்பதாம் நாள் நான் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது செவலை கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடியது. நேராக அந்தக் குடிசைக்குத்தான் போயிருக்கிறது. தட்டிக்கு முன்னால் வைத்துப் பண்ணை ஆட்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

அக்கா ஆறு வருஷம் கடிதம் போட்டார். மழை, அட்டைக்கடி, பிரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிடுவது எல்லாம் வாத்தியார் கையெழுத்தில் வரும். கடைசியில் தவறாமல் 'செவலை எப்படி இருக்குது?' என்று கேட்டிருப்பார். 'நலம்' என்று எழுதினேன். அதையும் அவர் நம்பினார். மனுவையோ ரயிலுக்கு மிச்சமிருந்த ஒரு மணி நேரத்தையோ பற்றி அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லாமல், மேடை மேடையாகப் படித்துப் பெயர் வாங்கினேன். அக்கா கேட்டது மானம் அல்ல, ஒரு அனுமதிச் சீட்டு. அவருடைய கைநாட்டை வாங்கி, என் கோபத்துக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நகலை நேற்று கிழித்துவிட்டேன். இனி எந்தக் கூட்டத்திலும் யாரும் அதைக் கேட்காதீர்கள். இப்போது என் முன்னால் இருப்பது, பங்குனியில் அக்காவிடமிருந்து வந்த கடைசிக் கடிதம். 'செவலை இப்போ கெழடாயிருக்கும். பல்லு எத்தனை இருக்குது சாமி? சோத்தக் கொழையப் பெசஞ்சு போடு' என்று சொல்லி எழுதச் செய்திருக்கிறார். அதற்கு மட்டும் நான் பதில் போடவில்லை. மூன்று முறை தாளை எடுத்து உட்கார்ந்தேன். பல் எத்தனை என்று எழுதக் கை வரவில்லை.