காசல்ரீயில் அலைக்குப் பாரம் ஏற்றிய ஞாயிறு

2004 ஆகஸ்டில் நான் மலைநாட்டில் ஹட்டனுக்குப் போனதற்குக் காரணம் இரண்டு தண்ணீர்ப் பைகள். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு கனடாவிலிருந்து வந்த என் தம்பி குமரன் அவற்றைப் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொன்றும் நூற்று எண்பது கிலோ. விசைப்படகின் பின்மூலைகளில் வைத்தால் படகின் பின்பக்கம் அமிழும், பின்னால் எழும் அலை உயரும். கயிற்றைப் பிடித்தபடி பலகையில் நின்று வருபவர் அந்த அலையில் ஏறித் துள்ளலாம். இதற்கு வேக்போர்டிங் என்று பெயர். "விளங்குதோ அக்கா?" என்று மூன்று தடவை விளக்கினான். அலைதான் வேண்டுமென்றால் கடலுக்குப் போகலாமே என்று ஒரு தடவை கேட்டேன். அவன் பைகளைத் திரும்ப மடித்துப் பெட்டிக்குள் வைத்தான்.

கோட்டை நிலையத்திலிருந்து காலை 5.55 ரயில். வட்டவளையில் இருபது நிமிடம் சும்மா நின்று, 11.10க்கு ஹட்டன். அறை ஒரு இரவுக்கு 1,800 ரூபாய். வெந்நீர் உண்டு என்றார்கள், காலை ஆறு முதல் ஏழு வரை மட்டும் என்பதைப் பிறகு சொன்னார்கள். மறுநாள் ஞாயிறு, பகல் ஒன்றரைக்கு ஓட்டோவில் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போனோம். அரை மணி நேரப் பாதை. போகவர, மாலைவரை காத்து நிற்க, எல்லாம் சேர்த்து 900 ரூபாய். ஓட்டோ மேலே வீதியோரம் நின்றது. நாங்கள் தேயிலைக்கு நடுவே படியிறங்கி, ஒரு விடுதியின் படகுத்துறைக்குப் போனோம்.

படகு பதினெட்டு அடி நீளம். ஓட்டுநர் ராஜு அக்கரையிலுள்ள தேயிலைத் தோட்டத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். பைகளைத் தடவிப் பார்த்து, "கஷ்டப்பட்டுப் படகை லேசாச் செய்றாங்க. நீங்க காசு குடுத்துப் பாரமாக்குறீங்களே சார்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

குமரன் கொண்டுவந்த பம்பு கனடாவின் 110 வோல்ட்டுக்கானது. விடுதிச் சுவரில் செருகிய உடனே புகைந்து செத்தது. பிறகு வாளியும் புனலும். முதல் பையை நிரப்ப முப்பது நிமிடம். இரண்டாவது பை பாதி நிரம்பியபோது, மடிப்பு விழுந்த இடத்தில் தையல் கிழிந்து தண்ணீர் முழுவதும் படகுக்குள் கொட்டியது. இறைத்து முடிக்கும்போது மூன்று பத்து.

ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தால் அலை மறுபக்கம் நுரையாக உடைந்துவிடும், ஏறிக் குதிக்க முடியாது. குமரன் கரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு நிமிர்ந்து ராஜுவிடம், "மூண்டு பேர் கிடைப்பினமே? அறுபது அறுபது கிலோவா?" என்று கேட்டான்.

துறையோரம் மூன்று பெண்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். லெச்சுமி, அவருடைய நாத்தனார், பக்கத்து லயத்துப் பெண், மூவரும் இக்கரைத் தோட்டத்துக் குடியிருப்பில் இருந்து கொழுந்து பறிப்பவர்கள். லெச்சுமிக்கு என் வயது இருக்கும். கையில் துண்டு சுற்றிய சோற்றுக் கேரியர். முந்தின நாள் இரவு அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம். அக்கரைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தகரக்கூரை போட்ட வெள்ளைக் கட்டடம், நாங்கள் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பார்வையாளர் நேரம் மூன்றிலிருந்து ஐந்து. நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போனால் பதினொரு கிலோமீட்டர், ஞாயிறு பிற்பகலில் பஸ் இல்லை. படகில் பத்து நிமிடம். அதைக் கேட்கத்தான் நின்றிருந்தார்கள்.

"அரை மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வாங்க லெச்சுமியக்கா. அப்படியே அக்கரையில எறக்கி விட்டுர்றேன்" என்றார் ராஜு.

"சும்மா உக்கார்ற வேலையா? இத்தன வருசமா எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே?"

குமரன் ஒவ்வொருவருடைய எடையையும் கேட்டான். லெச்சுமி சிரித்தார். "எங்க எடைய யாருங்க பாத்தா? கொழுந்து எடைதான் தெரியும். அதுலயும் சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சிருவாங்க. நீங்களாச்சும் கழிக்காமப் போடுங்க."

பை இடது பின்மூலையில். மூன்று பெண்களும் வலது பின்மூலையில். பின்னால் மட்டும் பாரம் இருந்தால் படகின் மூக்கு வானத்தைப் பார்க்குமாம், அதனால் குமரன் என்னை முன்னால் உட்கார வைத்தான். உயிர்காப்பு அங்கிகள் மூன்றுதான் இருந்தன. குமரனுக்கு ஒன்று, ராஜுவுக்கு ஒன்று. மூன்றாவதை நான் போட்டிருந்தேன். நீச்சல் தெரியுமா என்று அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

மூன்று முப்பத்தைந்துக்குப் புறப்பட்டோம். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம், பதினெட்டு மீட்டர் கயிறு. முதல் ஓட்டத்தில் அலை வலப்பக்கம் சாய்ந்தது. "அவையை இன்னும் பின்னுக்குத் தள்ளி இருக்கச் சொல்லுங்கோ" என்று குமரன் தண்ணீரிலிருந்து கத்தினான். தள்ளி இருந்தார்கள். இரண்டாவது ஓட்டத்தில் அலை நன்றாக எழுந்தது, அவன் விழுந்தான். மூன்றாவதிலும் விழுந்தான். நாலு மணி ஐந்துக்கு அரை மணி முடிந்தது.

"தம்பி, நேரமாச்சுல்ல?" என்றார் லெச்சுமி.

"இன்னும் ஒருக்கா" என்றான் குமரன்.

அந்த "ஒருக்கா" நாலு நாற்பத்தைந்துவரை நீண்டது. நாத்தனார் வாந்தி எடுத்தார். லெச்சுமி கேரியரை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, சொன்ன பக்கமெல்லாம் நகர்ந்தார். இப்போது சிரிப்பு இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வெள்ளைக் கட்டடம் கிட்டே வந்து, பிறகு விலகிப் போனது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை மட்டும், அவன் பலகையைச் சரிசெய்ய நின்றபோது, "குமரன், அவை ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்றேன்.

"அவை ஓமெண்டுதானே அக்கா ஏறினவை. நான் பதினாலு வருசத்துக்குப் பிறகு வந்திருக்கிறன்."

நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டாவது வசனம்தான் என் வாயை அடைத்தது என்று அன்று நினைத்தேன். முதல் வசனமும் எனக்கு நியாயமாகவே பட்டது என்பதுதான் உண்மை. வடக்கில் எங்கள் வீடுகளில் தோட்டத்து மலைநாட்டுக்காரர்களை வேலைக்கு வைத்திருந்த காலத்திலும் இதைத்தான் சொல்வோம்: அவை ஓமெண்டுதானே வந்தவை.

கடைசி ஓட்டத்தில் குமரன் அலைக்கு மேலே முழுதாக எழும்பினான். அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்தேன். அப்போது ராஜு பெற்றோல் முள்ளைத் தட்டிப் பார்த்தார். பாரம் ஏற்றினால் இயந்திரம் கூடக் குடிக்கும் என்று எங்களில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. "அக்கரைக்குப் போனா திரும்ப முடியாதுங்க. துறைக்குத்தான் போகணும்" என்றார். லெச்சுமியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். மிச்சப் பெற்றோல் விடுதிக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது, பூட்டின் திறப்போடு மனேஜர் ஹட்டனுக்குப் போயிருந்தார்.

துறையில் இறங்கும்போது நாலு ஐம்பத்தைந்து. லெச்சுமி கேரியரோடு படியேறத் தொடங்கினார், பதினொரு கிலோமீட்டரை நடக்க. அவர் பின்னால் ஏறி வீதிக்கு வந்தபோதுதான் எங்கள் ஓட்டோவைக் கண்டேன். சாரதி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரமாக அது அங்கேயே நின்றிருக்கிறது. மூன்று பத்துக்கு ஏற்றி அனுப்பியிருந்தால், மூன்றே முக்காலுக்கு அவர் மகளின் கட்டிலருகே இருந்திருப்பார். படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. பாரத்துக்கு ஆள் வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது.

வாந்தியெடுத்த நாத்தனாரை மற்றப் பெண் லயத்துக்குக் கூட்டிப்போனார், லெச்சுமியை மட்டும் ஏற்றிக்கொண்டு நான் போனேன். ஐந்து முப்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாயில் பூட்டியிருந்தது. "நாளைக்கு வாங்க" என்றார் வாச்சர். நாளைக்கு வேலை நாள், ஆறரைக்குப் பெரட்டில் பெயர் கொடுக்க நிற்க வேண்டும், வேலை விட்டு வந்தால் இதே பூட்டுத்தான் என்று லெச்சுமி அவருக்கு விளக்கினார். கோபமாக இல்லை, தெரியாதவருக்குச் சொல்வதுபோல. கேரியரையாவது வாங்கச் சொல்லி நான் கெஞ்சினேன். வெளிச் சாப்பாடு நேரத்துக்குப் பிறகு எடுக்கக் கூடாதாம்.

திரும்பி ஓட்டோவில் ஏறும்போது லெச்சுமி காலை உள்ளே வைக்காமல் நின்றார்.

"எந்தப் பக்கம் உக்காரணுங்க?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: படகு அரை மணிக்கு 3,500 ரூபாய். பைகளை ஊரிலேயே நிரப்பிச் சோதியுங்கள், மடிப்புகளைப் பாருங்கள். படகின் பற்றரியில் ஓடும் 12 வோல்ட் பம்பு கொண்டுபோங்கள். இரு பின்மூலையிலும் ஒரே எடை, முன்னால் கொஞ்சம். ஒரு பை கிழிந்தால் மற்றதையும் கொட்டிவிட்டுச் சின்ன அலையோடு திரும்புங்கள். ஆட்களை ஏற்றாதீர்கள், அவர்கள் ஓம் என்றாலும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் ஞாயிறு மூன்றிலிருந்து ஐந்துவரை. படகுச் சவாரிக்குப் போகிறவர்களுக்கு இது தேவையில்லாத தகவல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.