அடுப்படியில் சொல்லக் கூடாத சொல்

பிராங்பேர்ட்டில் ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் அம்மா கோப்பை கழுவினார். அம்மாவுக்கு டொச் மொழி வராது. ஒன்பது வயதில் அம்மாவின் வாய் நான்தான்.

ஊரில் மாமா செத்துப்போனார். அம்மாவுக்கு ஒரே அண்ணன். போக வழியில்லை. வீட்டில் இருந்து அழவாவது மூன்று நாள் லீவு வேண்டும். மறுநாள் சீன வருசப்பிறப்பு. லீவு கேட்கிற நாளில்லை.

"ஆக்களைக் கண்டா உன்ரை வாய் பூட்டிப்போடும். இண்டைக்குப் பூட்டாதை. பூட்டினா வேலையும் போயிடும்" என்று ரயிலில் அம்மா சொன்னார்.

அடுப்படியில் முதலாளியம்மா நின்றார். அவருடைய புருஷன் மூலையில் கம்பளித் தொப்பியோடு இருந்து போஞ்சிக்காய் முறித்தார். நல்லாய் மெலிந்திருந்தார்.

"மாமா செத்துட்டார். அம்மாவுக்கு லீவு வேணும்" என்றேன்.

முதலாளியம்மா என் வாயைப் பொத்தினார். கையில் இஞ்சி மணம்.

"வருசம் பிறக்கிற நேரத்தில் அப்படிச் சொல்லாதே. மாமா இப்போது இல்லை என்று சொல்."

எனக்குக் கோபம் வந்தது. கையைத் தள்ளினேன். "இல்லை, செத்துட்டார்" என்று கத்தினேன்.

மூலையில் போஞ்சி முறிக்கிற சத்தம் நின்றது.

முதலாளியம்மா ஒரு பெட்டிச் சோறு தந்து எங்களைப் பின்கதவால் அனுப்பினார். "நான் கூப்பிடும்போது அம்மா வரட்டும்."

கூப்பிடவில்லை. அம்மா என்னை ஏசவுமில்லை.

மூன்று கிழமை கழித்து எங்கள் வீட்டு மணி அடித்தது. முதலாளியம்மா. கறுப்புச் சட்டை. பையில் அம்மா கடையில் போடுகிற றப்பர் சப்பாத்து.

"கடையைப் பூட்டிவிட்டேன். என் புருஷன் இப்போது இல்லை. அம்மாவிடம் சொல்."

"புருஷன் செத்துட்டாராம்" என்றேன். நான் சொல்ல முதலே அம்மா அழுதுகொண்டிருந்தார்.

முதலாளியம்மா உள்ளே வரவில்லை. அம்மா வாங்கோ என்று சொல்லவில்லை. மாமாவின் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடியவில்லை; எங்களுக்குத் துடக்கு, ஆக்களை உள்ளே கூப்பிடுவதில்லை. சாவு நடந்த வீட்டார் மற்றவர் வீட்டுக்குள் போகாத வழக்கம் அவர்களிடமும் உண்டாம். அது நான் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

வாசலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். படிக்கட்டு லைட் தானாக அணைந்தது. முதலாளியம்மா சுவிட்சை அழுத்தினார். திரும்ப அணைந்தது. அம்மா கை நீட்டி அழுத்தினார்.

அவர் போன பிறகு கேட்டேன். "நான் கத்தினதாலையோ அம்மா அவர் செத்தவர்? அதாலையோ அவ உள்ளுக்கு வரேல்லை?"

"விசர்க் கதை கதையாதை. சப்பாத்தை உள்ளுக்கு வை."

வைத்தேன். அம்மாவும் முதலாளியம்மாவும் ஒருவரோடு ஒருவர் கோபம் என்றே கன காலம் நினைத்திருந்தேன்.