தங்கச்சியின் சுவீடிஷ்

சித்தி சுவீடனின் மால்மோவில் இறந்துபோன ஆண்டு, அவருடைய மகள் மொன்றியலின் லாசாலில் இருந்த எங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்து சேர்ந்தாள். சித்தப்பாவுக்கு இரவு வேலை. பிள்ளையைப் பார்க்க அங்கே ஆளில்லை. தங்கச்சிக்குத் தமிழ் விளங்கும், வாயில் அவ்வளவாக வராது. பேசினால் சுவீடிஷ்தான், அதுவும் தெற்குச் சுவீடிஷ். சித்தி முதியோர் இல்லத்தில் வேலைசெய்து, அங்கிருந்த கிழவிகளிடமே மொழி பழகியவர். உயிரெழுத்தை ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்தில் முடிப்பார். மகளுக்கும் அதே வாய். எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் தெருமுனை டெப்பனர் கடைக்காரரின் பிரெஞ்சும் அப்படித்தான் வளைந்து வரும்.

மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. சித்தியின் அண்ணன் அவர். ஸ்டாக்ஹோமில் பல வருடம் இருந்துவிட்டு மொன்றியலுக்கு வந்தவர். தங்கையோடு தமிழில் மட்டுமே பேசியவருக்குத் தங்கையுடைய சுவீடிஷ் எப்படியிருக்கும் என்று தெரியாது. அடுத்த ஊர்ப் பேச்சைப் பகிடி பண்ணாவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஞாயிறுதோறும் புட்டுத் தட்டோடு உட்கார்ந்து அவளைச் சீண்டுவார். சூரியனை அவள் ‘ஸெஊல்’ என்பாள்.

“என்ன பிள்ளை, சூரியனைப் போட்டு முறுக்கிறாய்? நேரா ‘ஸூல்’ எண்டு சொல்லு!”

எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக் கண்ணாடி முன் நின்று தனியாகச் சொல்லிப் பார்த்தாள்.

சித்தப்பாவின் வீடியோ அழைப்பும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அவருடைய சுவீடிஷ் கடைக்குப் போய்வரக் காணும், அவ்வளவுதான். ஆனாலும், “தமிழ் வேண்டாம் குஞ்சு, வீட்டிலை கதைச்ச மாதிரியே கதை” என்பார். என்ன சொல்கிறாள் என்று கேட்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். வேலைக் களைப்பில் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிறு, அவள் மாமாவின் சுவீடிஷில் பேசினாள். ஓர் எழுத்துக்கூட வளையவில்லை. மாமா பெருமையில் தொடையைத் தட்டினார். சித்தப்பா கண்ணைத் திறந்தார்.

“முந்தி மாதிரிக் கதையன், குஞ்சு.”

அவள் முயன்று பார்த்தாள். வரவில்லை. “இதுதான் சரி, அப்பா” என்றாள், தமிழில்.

“ஓம், வடிவாயிருக்கு. பேந்து எடுக்கிறன்.”

திரை அணைந்தது. இணையம் சரியில்லை என்றார் மாமா, நானும் நம்பினேன். சாம்பலாகிப்போன சித்தி மிச்சமிருந்தது அந்தப் பிள்ளையின் வாயில் மட்டும்தான் என்பதும், சித்தப்பா வாராவாரம் அழைத்தது மனைவியைக் கேட்கத்தான் என்பதும் அன்று எனக்குப் புரியவில்லை. தங்கச்சி நன்றாகப் பேசினாள் என்று, எல்லோரையும்விடச் சத்தமாக நான் கைதட்டினேன்.